ஓடாத புல் மெசினும் ஒரு தீகா லீமா புத்தகமும்

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் சேர்ந்த அன்று எனக்கு உறுப்பினர் அட்டை தரவில்லை, ஒரு தீகா லீமா புத்தகம் தந்தார்கள். அட்டையில் 555 என்று போட்டிருக்குமே, மளிகைக் கடையில் கடன் எழுதி வைக்கும் உள்ளங்கை அளவுப் புத்தகம், அதேதான். “செஞ்சத எழுது. செய்யலாம்னு நெனச்சத எழுதாத,” என்றார் அங்கே வேலை சொல்லிக்கொடுக்கும் அங்கிள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை அதில் கிறுக்கியதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மூன்று பக்கம் கிரீஸ் பட்டு ஒட்டிக்கொண்டது. அந்த இடங்களுக்கு ஞாபகம்தான் துணை.

ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அது கடிதத்தில் வரும், எங்கள் வாயில் வராது. சுற்றிலும் செம்பனை. மலேசியாவில் வியாபாரத்துக்கென்று செம்பனையை முதன்முதலில் நட்டது இங்கே பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம், புகழ் வாங்கிக் கொடுத்தது செம்பனை! நான் பிறந்தது வேறொரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். எனக்கு ஒன்பது வயதாகும்போது லயத்தைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது ஆலையில் கிராணி வேலை. கையில் அழுக்குப் படாத வேலை என்று அம்மாவுக்குப் பெருமை.

இளைஞர் மன்றம் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு. குத்துவிளக்கு, பொன்னாடை, நாலு பேர் பேச்சு, கடைசியில் பிரியாணிப் பொட்டலம். இது அப்படியில்லை என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி நச்சரித்ததால் போனேன். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நீள மேசை ஒன்று, அதன் ஓரத்தில் துருப்பிடித்த வைஸ் ஒன்று, பதினாலு பேர். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை, எல்லாரும் எதையாவது பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் சைக்கிள், ஒரு மூலையில் அரிசி குக்கர்.

தலைவர் அக்காவிடம் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1902-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு மன்றம் தொடங்கினார். சோளம் பயிரிடுவது, மண்ணைச் சோதிப்பது என்று கையால் செய்கிற வேலைதான் பாடம். அந்த மாதிரி மன்றங்களிலிருந்து வளர்ந்ததுதான் 4-எச். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நாலுக்கும் ஆங்கிலத்தில் எச்-தான் முதலெழுத்து. அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு, முடிகிறவரை கணக்கும் குறிப்பும் எழுதி வைப்பார்கள். அக்காவுக்கு அது பிடித்துப்போய் 12 தீகா லீமா புத்தகங்களை மொத்தமாக வாங்கிவிட்டார். நானும் இன்னொருவரும் சேர்ந்ததால் மேலும் இரண்டு வாங்க வேண்டியதாயிற்று.

இதில் வயதுச் சிக்கல் வேறு. 2007-ஆம் ஆண்டு இளைஞர் சங்கச் சட்டப்படி 40 வயதுவரை இளைஞர். 2019-இல் அதைத் திருத்தி 30 ஆக்கினார்கள். எங்கள் அக்காவுக்கு 33. அங்கிளுக்கு 68, அவரை எந்தச் சட்டத்துக்குள்ளும் அடக்க முடியாது. ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நாம் தப்பாகத் திருகினாலும் அந்தக் கை முன்னால் வராது. அது என்ன கொடுமை என்று முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது.

எனக்கு வந்த வேலை புல் வெட்டும் மெசின். மலாய்க்காரர் மெசின் ரும்புட் என்பார்கள், எங்கள் வீட்டில் புல் மெசின். முதுகில் மாட்டிக்கொள்ளும் வகை, டூ ஸ்ட்ரோக். கோயில் ஸ்டோரில் இரண்டு கிடந்தன, இரண்டும் ஓடாது. எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. லயம் போய்விட்டது, கோயில் போகவில்லை. திருவிழாவுக்கு ஆறு வாரம் இருந்தது, அந்தக் கோயில் பாதையில் லாலான் புல் இடுப்பளவு. ஆள் பிடித்து வெட்டலாம்தான், ஆனால் அக்கா மெசினை என் பக்கம் தள்ளினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா இருபது வருஷம் குத்தகைக்குப் புல் வெட்டியவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால்சட்டை முழுக்கப் பச்சை. அந்த மெசினை என்னைத் தொட விட்டதே இல்லை. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு,” என்பதோடு சரி. நான் மன்றத்தில் புல் மெசின் எடுத்திருக்கிறேன் என்றதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு

எஞ்சினைத் தொடும் முன் கத்தியைக் கழற்று என்றார் அங்கிள். பெட்ரோல் குழாயை மூடி, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். கத்திக்கு அடியில் ஒரு நட்டு. ஸ்பானரைப் போட்டு, எல்லா நட்டையும் திறப்பதுபோல் இடப்பக்கம் திருகினேன். அசையவில்லை. காலால் தண்டை மிதித்துக்கொண்டு முழு பலத்தையும் போட்டேன். ஸ்பானர் நழுவி, விரல் மூட்டு கத்தியின் பல்லில் உரசி, நாலு மூட்டும் தோல் போனது. அங்கிள் கை கட்டியபடியே நின்றார். அக்கா பிளாஸ்டர் எடுத்துவரப் போனார்.

“கத்தி எந்தப் பக்கம் சுத்தும்?” என்றார் அங்கிள்.

மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். வலமிருந்து இடமாக வீசுகிறோம், வெட்டுப்பட்ட புல் இடப்பக்கம் விழுகிறது. அதே கத்தியைக் கீழிருந்து, நட்டுப் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுற்றும். புல்லில் மோதும்போதெல்லாம் கத்தி பின்னால் தங்கி, நட்டை எதிர்ப்பக்கமாக இழுக்கும். சாதாரண மரை என்றால் அந்த இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, ஒரு நாள் கத்தி தனியே பறந்துவிடும். அதனால் இதற்கு இடமரை. கத்தி சுற்றச் சுற்ற நட்டு இறுகும். திறக்க வேண்டுமானால் வலப்பக்கம் திருக வேண்டும். நான் இவ்வளவு நேரமும் முழு பலத்தோடு நட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

கியர் பெட்டிக்கு மேலே சின்ன ஓட்டை ஒன்று உண்டு. அதில் ஒரு எல் சாவியை நுழைத்தால் தண்டு பூட்டிக்கொள்ளும், காலால் மிதிக்கத் தேவையில்லை. அதற்கும் அங்கிள் கேள்விதான் கேட்டார்: “அந்த ஓட்ட எதுக்கு?” நான் கிரீஸ் விட என்று நினைத்தேன். எண்ணெய் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, வலப்பக்கம் திருகினேன். ‘டக்’ என்றது.

அன்று இரவு வீட்டில் மேசைக் காற்றாடியின் முன் கூட்டைக் கழற்றி, இறக்கையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திருகிப் பார்த்தேன். அதுவும் இடமரை. இத்தனை வருஷம் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைக் கழற்றிக் கழுவியிருக்கிறார். கேட்டால், “ஆமா, அது மாத்தித்தான் தொறக்கும்,” என்றார், சர்வ சாதாரணமாக.

இரண்டாம் ஞாயிறு

ஓடாத எஞ்சினுக்கு மூன்று கேள்வி. தீப்பொறி வருகிறதா, எண்ணெய் (பெட்ரோலையும் நாங்கள் எண்ணெய் என்போம்) வருகிறதா, காற்று போகிறதா. பிளக்கைக் கழற்றினேன். முனை கறுத்து எண்ணெய்ப் பிசுக்கு. கம்பி பிரஷால் தேய்த்து, இடைவெளியை 0.6 மில்லிமீட்டர் வைத்தேன். பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடம்பை சிலிண்டரின் செதில்மேல் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி. கொட்டகையில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் வந்து பார்த்தார்கள். பெட்ரோல் கேன் வெளியே இருக்கிறதா என்று அங்கிள் இரண்டு முறை கேட்டார்.

பொறி இருக்கிறது. பிளக்கைத் திருப்பி மாட்டி, குழாயைத் திறந்து பத்து முறை இழுத்துவிட்டுக் கழற்றினால் முனை காய்ந்து கிடக்கிறது. எண்ணெய் வந்திருந்தால் ஈரமாக இருக்கும். ஆக, நோய் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்ப்ரேட்டரில்.

இன்னொரு மெசினையும் அன்றுதான் திறந்து பார்த்தோம். அதற்கு வைத்தியமே இல்லை. புகைபோக்கியைக் கழற்றிவிட்டு ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். வழவழவென்று இருக்க வேண்டிய பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கீறல்கள், நகத்தை வைத்தால் தட்டுகிறது. யாரோ மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் வெறும் பெட்ரோலை அப்படியே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இன்றைய மோட்டார்கள் ஃபோர் ஸ்ட்ரோக், அடியில் தனி எண்ணெய் இருக்கும். புல் மெசினுக்கு அது கிடையாது. பெட்ரோலில் கலந்த டூ டி எண்ணெய்தான் பிஸ்டனுக்கு அடியில் புகுந்து பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டு, பிறகு மேலே போய் எரியும். கலக்காமல் ஊற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசி, சூடேறி, பிடித்துக்கொள்ளும். அந்த சிலிண்டரை அங்கிள் தூக்கிப் போட விடவில்லை. மேசையில் பேனா போட்டு வைக்கிறார்.

மூன்றாம் ஞாயிறு

இதுதான் எனக்குப் பிடித்த நாள், அதிகம் திட்டு வாங்கிய நாளும் இதுதான். முட்டை அட்டை ஒன்றை விரித்து, குழிக்கு ஒரு நம்பர் எழுதி, கழற்றும் வரிசையில் பாகங்களைப் போட்டேன். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம். கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் வந்த வாசம் பெட்ரோல் வாசம் இல்லை, வார்னிஷ் வாசம். இரண்டு வருஷம் நின்ற பெட்ரோலில் லேசானதெல்லாம் ஆவியாகிப் போய், மிச்சம் பழுப்பு நிறப் பசையாகக் கிண்ணத்தின் அடியில் உறைந்திருந்தது. விரலால் தொட்டால் பலாப்பால் மாதிரி ஒட்டியது.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டச் சொன்னார் அங்கிள். உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை விழுந்து எண்ணெய் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கேட்கவில்லை. பிறகு ஜெட், பெட்ரோலை அளந்து விடும் பாகம். பித்தளையில், கடுகைவிடச் சின்ன ஓட்டை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், வெளிச்சம் வரவில்லை. தையல் ஊசியை எடுத்தேன். அந்த ஒரு முறைதான் அங்கிளின் கை முதுகிலிருந்து முன்னால் வந்தது, ஊசியைப் பிடுங்க. பித்தளை மெத்து, ஊசி எஃகு. ஓட்டை ஒரு மயிரிழை பெருத்தால் அப்புறம் அளவுக்கு மீறி எண்ணெய் போகும். பழைய மின்வயரின் தோலை உரித்து, ஒற்றைச் செம்பு இழையை எடுத்துக் கொடுத்தார். கார்ப்ரேட்டர் கிளீனரை அடித்து, ஊறவைத்து, இழையை விட்டு இழுத்து, மறுபடி அடித்து… நாலாவது முறை வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அந்த சந்தோஷத்தில் கோட்டை விட்டேன். ஆக்சிலேட்டர் கம்பியின் முனையில் ஒரு ஸ்பிரிங், அதற்குள் ஒரு ஊசி, ஊசியின் கழுத்தில் அரிசி அளவு ஒரு கிளிப். ஸ்பிரிங்கை அமுக்கிய கை நழுவியது. கிளிப் மேசையைத் தாண்டிப் பறந்து கொட்டகைக்கு வெளியே புல்லில் விழுந்தது. புல் வெட்டும் மெசினின் கிளிப்பைப் புல்லில் தேடுவது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். சைக்கிள் பையன் ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி எடுத்து வந்தான். அதைப் புல்லில் கோலம் போடுவதுபோல் இழுத்தோம். இரண்டு ஆணி, ஒரு பாட்டில் மூடி, யாருடைய தோட்டின் திருகாணியோ ஒன்று, கடைசியில் கிளிப். புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்: “கிளிப். 40 நிமிடம்.” அப்போது மழை பிடித்துக்கொண்டது. தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கி வந்து குடித்துவிட்டு, வெறும் புகைபோக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயில் கரி அடைத்திருந்தது. சத்தே குச்சியால் சுரண்டினேன். சிலிண்டர் பக்கத்து ஓட்டையைச் சுரண்டும்போது மட்டும் கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் அந்த ஓட்டையை மூடி நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கரி உள்ளே விழும்.

நான்காம் ஞாயிறு

புது கேஸ்கெட், புது எண்ணெய்க் குழாய். முதுகுப் பெட்டியிலிருந்து கைத்தண்டுக்குப் போகும் வளைகம்பியை உருவித் துடைத்து கிரீஸ் பூசினேன். டூ டி கலவை 25-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லி. சில புது மெசினுக்கு 50-க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருக்கும், இது பழசு. அளவுக் குவளை இல்லை, டூ டி டின்னின் மூடி 10 மில்லி என்று யாரோ சொன்னதை நம்பி நாலு மூடி ஊற்றினேன்.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! கொட்டகையே கைதட்டியது. அப்புறம் கொட்டகையே இருமியது. அவ்வளவு புகை. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சீராக ஏறாமல், விக்கல் எடுப்பவன்போல் திக்கித் திக்கிக் கத்தியது. ஜெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டுமோ என்று நொந்துபோயிருந்தேன்.

என்னை ஏற்றிப்போக வந்த அப்பா வாசலிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. “டூ டி கூடிப் போச்சு,” என்றார் அங்கிருந்தே.

மூடியை எடுத்து அம்மாவின் மருந்து ஊசிக் குழாயால் அளந்து பார்த்தேன் (அது எப்படி என் பையில் வந்தது என்பது வேறு கதை). 20 மில்லி. நாலு மூடி 80. இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறேன். கலவையை வீணாகக் கொட்ட வேண்டுமே என்று பார்த்தால் அப்பா, “எதுக்குக் கொட்டுற? இன்னொரு லிட்டர் வெறும் பெட்ரோல் ஊத்து, சரியாயிடும்,” என்றார். இரண்டு லிட்டருக்கு 80. கணக்கு அப்படியே விழுந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், என் கால்குலேட்டர் வெளியே வரும் முன் சொல்லிவிட்டார். கேனில் கலந்து குலுக்கி, டாங்கியில் இருந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம். விக்கல் நின்றது.

இன்னும் ஒரு குறை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் தண்டு மெதுவாகச் சுற்றியது. இந்த மெசினில் கிளட்ச் என்பது இரண்டு கட்டை, ஒரு ஸ்பிரிங். சுற்று வேகம் கூடினால் கட்டைகள் வெளியே விரிந்து டிரம்மைப் பற்றும், குறைந்தால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். சும்மா ஓடும்போதே வேகம் அதிகமாக இருந்தால் கட்டை உரசும், கத்தி நிற்காது. ஆள் கால் போகும் இடம் அது. கார்ப்ரேட்டரின் பக்கத்தில் இருக்கும் திருகை அரை அரைச் சுற்றாக வெளியே எடுத்தேன். மூன்றாவது அரையில் தண்டு நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. அப்பா வாசலில் நின்று தலையை ஆட்டினார். அங்கிள் அப்பாவைப் பார்த்து, “உள்ள வாங்க தம்பி, வெளிய நின்னு வேல செய்யுறீங்க,” என்றார்.

ஐந்தாம் ஞாயிறு

பசியாறிவிட்டு ஏழு மணிக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். பூட்ஸ், கண்ணாடி, காது அடைப்பான், முட்டிக்குக் கீழே பழைய கால்பந்துத் தடுப்பு. வெட்டுகிறவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது என்று அக்கா கயிறு கட்டினார். பாதையில் கல்லும் கண்ணாடியும் இருக்கும் என்பதால் கத்திக்குப் பதில் நைலான் கயிறு. லாலானுக்கு நைலான் கஷ்டம்தான், முற்றிய தண்டு சுற்றிக்கொள்கிறது. மேலிருந்து பாதி, அடியில் பாதி என்று இரண்டு முறை வீச வேண்டும். வெட்டினாலும் அடியில் கிழங்கு இருக்கிறது, அடுத்த திருவிழாவுக்கு அதே உயரத்தில் வந்து நிற்கும். அது தெரிந்த கதைதான்.

ஒரு பெட்டி எண்ணெய் தீர்ந்ததும் இறக்கி வைத்தேன். கை இரண்டும் தனியாக நடுங்குகிறது. டீத் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அப்பா இருபது வருஷம் ஒரு நாளைக்கு இதை எத்தனை பெட்டி எடுத்திருப்பார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் அதற்குள் மெசினை மாட்டிக்கொண்டுவிட்டார்.

கோயிலுக்கு இருபதடி முன்னால் நைலான் சிமெண்டில் உரசி ‘டர்ர்’ என்றது. புல்லை விலக்கினால் ஒரு படி, பக்கத்தில் பாசி பிடித்த குழாயடித் திண்டு. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கிருந்து காலடி வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று… செம்பனை ஒன்றின் அடியில் நின்று, “இது நம்ம ஆறாம் நம்பர்,” என்றார். பக்கத்து மரத்தைக் காட்டி, “அது உன் அத்த வீடு.” பிறகு கயிற்றை இழுத்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் கொட்டகையில் மெசினைத் துடைத்து, டாங்கியைக் காலி செய்து, குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டேன். இதைச் செய்யாததால்தான் இரண்டு வருஷம் முன் அந்த வார்னிஷ். டாங்கியில் டேப் ஒட்டி, “25-க்கு 1. வெறும் பெட்ரோல் ஊற்றாதே” என்று மார்க்கரால் எழுதினேன். செலவு: கேஸ்கெட் 8 வெள்ளி, எண்ணெய்க் குழாய் 3 வெள்ளி 50 காசு, கிளீனர் 12 வெள்ளி, பிளாஸ்டர் அக்காவின் கணக்கு.

அப்பா மெசினையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பக்கத்துத் தாமானில் ஒரு வீட்டில் புல் வெட்டக் கேட்கிறார்கள், எடுத்துக்கொண்டு போகலாமா என்றார். அங்கிள் என் தீகா லீமாவை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, கோடு போட்டு அவரிடம் நீட்டினார். பெயர், தேதி, திருப்பித் தரும் நாள். அப்பா கடைக் கடனுக்குப் போடும் அதே கையெழுத்தைப் போட்டுவிட்டு மெசினைத் தூக்கிக்கொண்டார்.